எந்த மனிதரைக் கேட்டு எழுதினார்கள்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. அண்மையில் ஒரு பயிற்சி வகுப்பில், கையில் கொடுத்த மிட்டாயை உடனே தின்னாமல் காத்திருக்கும் குழந்தைதான் பிற்காலத்தில் படிப்பிலும் வாழ்க்கையிலும் முன்னுக்கு வரும் என்று அமெரிக்க ஆய்வு ஒன்று நிரூபித்திருப்பதாகச் சொன்னார்கள். என் இரண்டாம் வகுப்பில் அதைச் செய்து பார்த்தேன். பாதிப் பேருக்கு மேல் காத்திருக்கவில்லை. அவர்களில் அநேகர் அன்றாடக் கூலி வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். இந்தக் குழந்தைகளுக்கு மன உறுதி குறைவு என்று எடுத்துக்கொள்ளலாமா?
– ஒரு வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: எடுத்துக்கொள்ள வேண்டாம், அம்மா. அந்தப் பிள்ளைகளின் பெயருக்கு எதிரே ஏதாவது குறித்து வைத்திருந்தால் முதலில் அதை அடித்துவிடுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

நீங்கள் கேள்விப்பட்டது வால்டர் மிஷல் என்ற உளவியலாளர் செய்த மார்ஷ்மெல்லோ சோதனை. மார்ஷ்மெல்லோ என்ற மென்மையான மிட்டாயைப் போன்ற தின்பண்டத்தைக் குழந்தையின் முன்னால் வைத்து, உடனே தின்னாமல் காத்திருந்தால் இன்னொன்றும் கிடைக்கும் என்று சொல்லிப் பார்ப்பார்கள். ஸ்டான்போர்டு பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள பிங் மழலையர் பள்ளியில் 1968 முதல் 1974 வரை 653 குழந்தைகளை வைத்து அது நடத்தப்பட்டது. பல்கலைக்கழகத்தை ஒட்டியே வாழ்ந்த, படித்த குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே நிறைந்திருந்தார்கள். பல ஆண்டுகள் கழித்துப் பெற்றோருக்குக் கடிதம் எழுதி விசாரித்தபோது 185 பேரைப் பற்றித்தான் பதில் வந்தது; அவர்களிலும் 94 பேருடைய கல்லூரி நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணே கிடைத்தது. காத்திருந்தவன் முன்னேறினான் என்ற புகழ்பெற்ற கதை முழுவதும் இந்தச் சிறு கூட்டத்தின் மேல் எழுப்பப்பட்டது. இதில் மிஷலைக் குறை சொல்ல மாட்டேன். கிடைத்த முடிவை அளவுக்கு மேல் நீட்ட வேண்டாம் என்று அவருடைய குழுவே எழுதியிருந்தது. நீட்டியவர்கள் பின்னால் வந்த பேச்சாளர்களும் தன்முன்னேற்ற நூல்காரர்களும்.

2018ஆம் ஆண்டில் டைலர் வாட்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய தோழர்களும் அமெரிக்காவிலேயே பலதரப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த 900க்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்களை எடுத்துப் பார்த்தார்கள். காத்திருந்த நேரத்துக்கும் பிற்காலப் படிப்புக்கும் இருந்த தொடர்பு, முன்பு சொல்லப்பட்டதில் ஏறத்தாழப் பாதியாகத்தான் இருந்தது. வீட்டின் வருமானம், தாயின் கல்வி முதலானவற்றைக் கணக்கில் சேர்த்ததும் அந்தப் பாதியிலும் பெரும்பகுதி கரைந்துபோனது.

உங்கள் வகுப்புக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு ஒன்று உண்டு. 2013இல் வெளியான அந்த ஆய்வில், நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் செலஸ்ட் கிட் என்பவரும் குழுவினரும் 28 குழந்தைகளை இரண்டு பிரிவாக்கினார்கள். மிட்டாய் வைப்பதற்கு முன்னால் ஒரு பிரிவினருக்கு, “நல்ல வண்ணப் பென்சில்கள் கொண்டுவருகிறேன், பொறு” என்று வாக்களித்து அப்படியே கொண்டுவந்து தந்தார்கள். மற்றப் பிரிவினரிடமும் அதே வாக்கைக் கொடுத்துவிட்டு, “மன்னித்துக்கொள், இல்லை” என்று வெறுங்கையோடு திரும்பினார்கள். அதன் பிறகுதான் மிட்டாய்ச் சோதனை நடந்தது. வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாகப் 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் 3 நிமிடத்தில் எடுத்துத் தின்றுவிட்டார்கள். அங்கே குழந்தையின் மன உறுதியை விட, சொன்னதைச் செய்யும் ஆள்தானா எதிரில் நிற்பவர் என்ற கணிப்பே அதிகம் வேலை செய்தது. நாளைக்கு வாங்கித் தருகிறேன் என்ற பேச்சு, வேலை கிடைக்காத நாளில் பொய்த்துப்போகும் வீட்டில் வளர்கிற பிள்ளை, கையில் உள்ளதை உடனே உண்பதில் என்ன குற்றம் கண்டுவிட முடியும்?

கேமரூன் நாட்டின் வடமேற்கில் நிலத்தை உழுது பிழைக்கும் இன்சோ மக்களின் நான்கு வயதுக் குழந்தைகளிடமும் ஜெர்மனியின் நடுத்தர வர்க்கக் குழந்தைகளிடமும் பெட்டினா லாம் தலைமையில் இதே சோதனையைச் செய்தார்கள். ஜெர்மன் குழந்தைகளில் 28 விழுக்காட்டினரே இறுதிவரை காத்திருந்தார்கள். இன்சோ குழந்தைகளில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் காத்திருந்தார்கள். மேசையில் பண்டம் இருக்க, சில இன்சோ குழந்தைகள் உறங்கியே போய்விட்டார்கள். காத்திருத்தலே முன்னேற்றத்தின் அடையாளம் என்றால், பணக்கார நாட்டைவிட அந்த உழவர் ஊர் எங்கோ போயிருக்க வேண்டும் அல்லவா? 2022இல் வெளியான இன்னொரு ஆய்வில் ஜப்பானியக் குழந்தைகள் தின்பண்டத்துக்கு நெடுநேரம் பொறுத்தார்கள். பரிசுப் பொதியைப் பிரிப்பதற்கு அவ்வளவு பொறுக்கவில்லை. அமெரிக்கக் குழந்தைகள் அதற்கு நேர்மாறாக, பரிசுப் பொதிக்குப் பொறுத்துத் தின்பண்டத்துக்குப் பொறுக்காமல் போனார்கள். எல்லாருக்கும் பரிமாறி முடியும் வரை கை வைக்கக் கூடாது என்பது ஜப்பானிய வீட்டுப் பழக்கம். பிறந்தநாள் பரிசுகளை வரிசையாக வைத்துவிட்டு, நேரம் வந்தபின் பிரிப்பது அமெரிக்க வீட்டுப் பழக்கம். எதற்குப் பொறுக்கப் பழகினார்களோ அதற்குப் பொறுத்தார்கள்.

ஆகவே உங்கள் வகுப்பில் நீங்கள் அளந்தது எது என்பதே இன்னும் தெரியாத நிலையில், அந்தக் குழந்தைகளின் எதிர்காலத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லிவிட முடியாது.

கேள்வி: உளவியல் இளங்கலை படிக்கிறேன். என் பாடநூலில் ‘மனிதர்கள் இப்படி முடிவெடுக்கிறார்கள்’, ‘மனிதர்கள் இப்படி நினைவுகொள்கிறார்கள்’ என்று பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ஆனால் சோதனைகள் எல்லாம் ஏதோ ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் நடந்தவையாகவே இருக்கின்றன. இதை யாரும் கேள்வி கேட்கவில்லையா?
– ஒரு மாணவர், திருச்சி

பதில்: கேட்டிருக்கிறார்கள், உங்களுக்குத் தோன்றியது அந்தத் துறையின் பெரிய விவாதங்களில் ஒன்று.

ஜெஃப்ரி ஆர்னெட் என்ற அமெரிக்க உளவியலாளர், அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஆறு முன்னணி ஆய்விதழ்களில் 2003 முதல் 2007 வரை வந்த கட்டுரைகளைக் கணக்கெடுத்து 2008இல் வெளியிட்டார். ஆய்வுக்கு உட்பட்டவர்களில் 68 விழுக்காட்டினர் அமெரிக்கர்கள். ஐரோப்பா, கனடா, ஆஸ்திரேலியா, இஸ்ரேல் ஆகியவற்றையும் சேர்த்தால் 96 விழுக்காடு. உலக மக்கள்தொகையில் ஏறத்தாழ 12 விழுக்காடு மட்டுமே உள்ள நாடுகளிலிருந்து, ஆய்வுக்கு உட்பட்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் வந்திருக்கிறார்கள்! சமூக உளவியலின் முதன்மையான இதழ் ஒன்றில், அமெரிக்க மாதிரிகளில் மூன்றில் இரண்டு பங்கு உளவியல் வகுப்பு மாணவர்களே. இதில் சதி ஒன்றும் இல்லை. ஆய்வு செய்கிறவர் பேராசிரியர். கூப்பிட்ட குரலுக்கு வருகிறவர்கள் அவருடைய மாணவர்கள். வந்தால் பாட மதிப்பெண்ணில் சிறிது சேரும். அருகில் கிடைத்ததைக் கொண்டு அளந்தார்கள். அளந்து முடித்து எழுதும்போது, ‘எங்கள் மாணவர்கள்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘மனிதர்கள்’ என்று எழுதிவிட்டார்கள் என்பதுதான் பிழை.

2010இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசப் ஹென்ரிக், ஸ்டீவன் ஹைன், ஆரா நொரென்சயான் ஆகிய மூவரும் இதை ஒரு நீண்ட கட்டுரையாக எழுதினார்கள். மேற்கத்திய, கல்வி பெற்ற, தொழில்மயமான, செல்வமிக்க, மக்களாட்சி நாட்டு மனிதர்கள் என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘வியர்ட்’ என்று பெயரிட்டார்கள். அந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் ‘விசித்திரமான’ என்று பொருள். பல அளவைகளில் இந்த மாணவர்கள் மனித இனத்தின் நடுவில் நிற்பவர்களாக இல்லை, ஓரத்தில் நிற்பவர்களாகவே இருக்கிறார்கள் என்பது அவர்களுடைய வாதம்.

ஹென்ரிக்குக்கு இந்த ஐயம் எழுந்த இடம் பெரு நாட்டின் அமேசான் காடு. ‘அல்டிமேட்டம் விளையாட்டு’ என்ற பொருளியல் சோதனை ஒன்று உண்டு. ஒருவரிடம் ஒரு தொகை தரப்படும். முகம் தெரியாத மற்றொருவருக்கு அதில் எவ்வளவு தருவது என்று அவர் சொல்ல வேண்டும். மற்றவர் ஏற்றுக்கொண்டால் அவரவர் பங்கு அவரவருக்கு; மறுத்தால் இருவருக்குமே ஒன்றுமில்லை. மேற்கத்திய மாணவர்கள் ஏறத்தாழச் சரிபாதி தர முன்வருவார்கள். எதிரில் இருப்பவரோ மிகக் குறைந்த பங்கைப் பெரும்பாலும் மறுத்துவிடுவார். நியாய உணர்ச்சி மனிதரின் இயல்பு என்று இதிலிருந்து முடிவு கட்டியிருந்தார்கள். 1995இல் அந்தக் காட்டில் வாழும் மச்சிகெங்கா மக்களிடம் ஹென்ரிக் இதே விளையாட்டை ஆடவைத்தபோது சராசரியாக 26 விழுக்காடு தர முன்வந்தார்கள். லாஸ் ஏஞ்சலிசில் இருந்த மாணவர் குழுவிலோ அது 48 விழுக்காடு. குறைந்த பங்கு வந்தபோதும் ஒரே ஒருவரைத் தவிர எவரும் மறுக்கவில்லை. தற்செயலாகத் தனக்குப் பங்கிடும் வாய்ப்புக் கிடைக்கவில்லை, அதற்காக யாரோ ஒருவருக்கும் தனக்கும் வரும் பணத்தை எதற்கு அழிக்க வேண்டும் என்பது அவர்களுடைய நோக்கு. யோசித்துப் பார்த்தால் அதுவும் தெளிந்த நோக்குதான்.

பின்னர் மானிடவியலாளர்களும் பொருளியலாளர்களும் சேர்ந்து 15 சிறு சமூகங்களில் இதை நடத்தினார்கள். கூட்டாகக் கடலில் இறங்கித் திமிங்கிலம் பிடிக்கும் இந்தோனேசியாவின் லாமலேரா ஊரார் சராசரியாகப் பாதிக்கும் அதிகமாகவே கொடுத்தார்கள். பாப்புவா நியூகினியின் அவ், ங்நாவ் மக்களிடையே பாதிக்கு மேல் கொடுத்தபோதும் சிலர் வாங்க மறுத்தார்கள். அந்த ஊர்களில் பெரிய கொடையை வாங்கிக்கொண்டால் திருப்பிச் செய்யும் கடன் தலையில் ஏறிவிடும். மொய் நோட்டில் பெயர் எழுதிப் பழகிய நம் வாசகர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு சமூகத்திலும் அன்றாடப் பிழைப்பு கூட்டுழைப்பை எவ்வளவு கேட்கிறது, சந்தை எவ்வளவு கலந்திருக்கிறது என்பதற்கேற்ப இந்த எண்கள் மாறின. உங்கள் பாடநூலில் ஒரு முடிவைப் படிக்கும்போது ‘மனிதர்கள்’ என்ற சொல்லுக்கு மேலே பென்சிலால் அந்த ஊரின் பெயரை எழுதிக்கொண்டு படியுங்கள். பல இடங்களில் வாக்கியம் அப்படியே நிற்கும். சில இடங்களில் நிற்காது. எது எப்படி என்று சோதித்துப் பார்ப்பதையே உங்கள் தலைமுறையின் வேலையாக நான் காண்கிறேன்.

கேள்வி: பழக்கவழக்கமும் நியாய உணர்ச்சியும் ஊருக்கு ஊர் மாறும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கண் எல்லாருக்கும் ஒன்றுதானே? ஒரு கோட்டைப் பார்ப்பதிலுமா பண்பாடு வந்து நிற்கும்?
– ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர், கும்பகோணம்

பதில்: உங்கள் கேள்விக்கு நேர் விடை தருவது கடினம். இந்தக் கேள்வியின் வரலாற்றில் நீலகிரிக்கும் ஓர் இடம் இருக்கிறது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஒரே நீளமுள்ள இரண்டு கோடுகள். ஒன்றின் முனைகளில் அம்புத் தலைகள் உள்நோக்கி மடிந்திருக்கும். மற்றதில் வெளிநோக்கி விரிந்திருக்கும். விரிந்த முனையுள்ள கோடு நீளமாகத் தோன்றும். 1889இல் இதை வெளியிட்டவரின் பெயரால் இது முல்லர்-லையர் மயக்கம் எனப்படுகிறது. டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1898இல் ஆஸ்திரேலியாவின் வடக்கேயுள்ள டோரஸ் நீரிணைத் தீவுகளிலும், பிறகு 1901–02இல் நீலகிரியில் தோடர்களிடமும் இதைச் சோதித்தார். கல்வியறிவு குறைந்தவர்கள் அதிகம் ஏமாறுவார்கள் என்று அக்காலத்தில் பலர் எதிர்பார்த்திருப்பார்கள். ஆனால் தீவு மக்களும் தோடர்களும் ஆங்கிலேயரைவிடக் குறைவாகவே மயங்கினார்கள். படுத்த கோட்டைவிட நின்ற கோடு நீளமாகத் தெரியும் வேறொரு மயக்கத்திலோ அவர்களே ஆங்கிலேயரைவிட அதிகம் மயங்கினார்கள். ஒன்றில் குறைவு, மற்றொன்றில் மிகுதி என்பதால், ‘கூர்மையான கண்’ என்றோ ‘மந்தமான அறிவு’ என்றோ இதற்கு ஒற்றைக் காரணம் சொல்ல முடியாமல் போனது.

1960களில் செகால், கேம்ப்பெல், ஹெர்ஸ்கோவிட்ஸ் ஆகிய மூவர் பல சமூகங்களில் இதை மீண்டும் அளந்தார்கள். இரண்டு கோடும் சமமாகத் தெரிவதற்கு, அமெரிக்காவின் எவன்ஸ்டன் நகர மாணவர்களுக்கு ஒரு கோட்டை ஏறத்தாழ 20 விழுக்காடு நீட்ட வேண்டியிருந்தது; கலஹாரிப் பாலையின் சான் வேட்டுவர்களுக்கு அநேகமாக நீட்டவே தேவைப்படவில்லை. செங்கோண மூலைகளும் சதுர அறைகளும் நிறைந்த, தச்சனின் கைபட்ட உலகத்தில் வளர்ந்த கண், கோடுகளின் கோணத்தை அறையின் மூலையாகப் படித்து ஏமாறுகிறது என்று அவர்கள் விளக்கினார்கள். அழகான விளக்கம், பாடநூல்களில் நன்றாகவே வேரூன்றிவிட்டது.

ஆனால் அந்த விளக்கத்தை நம் நாட்டுப் பிள்ளைகள் ஒன்பது பேர் அசைத்துவிட்டார்கள். பவன் சின்ஹா என்ற ஆய்வாளர் நடத்தும் ‘புராஜெக்ட் பிரகாஷ்’ திட்டம், பிறவியிலேயே கண்புரையால் பார்வையிழந்த இந்தியக் குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து பார்வை தருகிறது. அப்படிப் பார்வை பெற்ற ஒன்பது பேரிடம், கட்டு அவிழ்த்த சிறிது காலத்திற்குள்ளேயே இந்தப் படத்தைக் காட்டினார்கள். ஓர் அறையின் மூலையைக்கூட அதுவரை தெளிவாகக் கண்டிராத அவர்களும் மயங்கினார்கள். 2015இல் இந்த முடிவு வெளியானது. மயக்கம் அடிப்படையில் கண்ணும் மூளையும் கூடவே கொண்டுவருவது என்பதற்கு இது வலுவான சான்று.

அப்படியானால் ரிவர்ஸ் கண்ட வேறுபாடு? மயக்கம் எல்லாருக்கும் பொது, அதன் அளவு மட்டும் சூழலால் கூடிக் குறையலாம் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். பழைய அளவீடுகளையே ஐயுறுகிறவர்களும் உண்டு. பொருளை அறிமுகப்படுத்திய விதம், கேள்வியைப் புரிந்துகொண்ட விதம் ஆகியவற்றாலும் எண்கள் மாறியிருக்கலாம். என் சாய்வு முதல் சாராரின் பக்கம். ஆனாலும் ‘பண்பாடு கண்ணையே மாற்றிவிடுகிறது’ என்று மேடையில் முழங்க இந்தச் சான்றுகள் போதா.

கேள்வி: அப்படியானால் மேற்கத்திய உளவியல் நமக்குப் பயன்படாது என்று தள்ளிவிட்டு, நம் மக்களின் மனத்துக்கு நாமே தனியாக ஒரு இயல் காண்பதுதானே முறை?
– ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: தள்ளிவிட முடியாது. சோதிக்காமல் ‘எல்லாருக்கும் பொருந்தும்’ என்றது எவ்வளவு பிழையோ, சோதிக்காமல் ‘நமக்குப் பொருந்தாது’ என்பதும் அவ்வளவு பிழை.

2018இல் வெளியான ஒரு பெருங்கூட்டாய்வில் 28 உளவியல் முடிவுகளை 36 நாடுகளிலும் ஆட்சிப்பகுதிகளிலுமாக 125 குழுக்களில், 15,305 பேரிடம் மறுபடி செய்து பார்த்தார்கள். ஏறத்தாழப் பாதி முடிவுகள் எங்குமே தேறவில்லை. தேறியவை பெரும்பாலும் எல்லா இடத்திலும் தேறின. அதாவது பல முடிவுகளின் நோய், வேற்றூருக்குப் பொருந்தாமை அன்று. பிறந்த ஊரிலேயே நிற்காமை. அந்தக் குழுக்களிலும் கணிசமானவை பல்கலைக்கழகங்களில் திரட்டப்பட்டவை என்ற குறை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். கையிலுள்ளது போகும் வலி, அதே அளவு வரும் மகிழ்ச்சியைவிடப் பெரிது என்பது முதலான கானமன், ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் இருவரின் முடிவுகளை, 2020இல் வெளியான ஆய்வில் 19 நாடுகளில் 4,098 பேரிடம் சோதித்தபோதோ அவற்றில் மிகப் பெரும்பாலானவை நின்றன.

‘நம் மக்கள்’ என்ற சொல்லையும் சற்று நிறுத்திப் பாருங்கள். ஜோன் மில்லர் என்ற உளவியலாளர் சிகாகோவிலும் மைசூரிலும் செய்த ஒரு சோதனையை 1984இல் வெளியிட்டார். தெரிந்த ஒருவர் செய்த தவறான செயலை விளக்கச் சொன்னால், அமெரிக்கப் பெரியவர்கள் அந்த ஆளின் குணத்தையே காரணமாகக் காட்டினார்கள். மைசூரின் பெரியவர்கள் அவருடைய சூழலையும் கடமையையும் உறவையும் காட்டினார்கள். ஆனால் எட்டு வயதுக் குழந்தைகளிடம் இந்த வேறுபாடு அநேகமாக இல்லை. வயது ஏற ஏறத்தான் இரு பக்கமும் விலகின. பிறப்பால் வேறு மனம் கொண்டவர்களாக இருந்தால் எட்டு வயதிலேயே விலகியிருக்க வேண்டும். எனவே தனி இயல் வேண்டாம். அதே இயலுக்குள் நம் ஊர்களும் கேட்கப்பட வேண்டும், நம் ஆய்வாளர்களே கேள்விகளை அமைக்கவும் வேண்டும்.

கேள்வி: எனக்கு 71 வயது. ஊரில், “சொம்பைக் கொஞ்சம் தெற்கே நகர்த்தி வை”, “வடக்கே தள்ளி உட்கார்” என்றே பேசிப் பழக்கம். நகரத்தில் மகன் வீட்டுக்கு வந்தால் பேரப்பிள்ளைகள், “ஆச்சி, இடதா வலதா என்று சொல்லுங்கள்” என்று சிரிக்கிறார்கள். என் பேச்சு பிழையா?
– ஒரு வாசகி, சிவகங்கை மாவட்டம்

பதில்: பிழையே இல்லை, அம்மா. உங்கள் பேச்சு ஆய்விதழ்களில் இடம்பெற்ற பேச்சு.

இடம் சுட்டும்போது மனிதர்கள் தம் உடலை வைத்தே இடம், வலம் என்று எண்ணுவார்கள் என மேற்கில் நெடுங்காலம் கருதிவந்தார்கள். 1990களில் நெதர்லாந்தின் நைமெகன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் மொழியாய்வுக் குழு உலகின் பல மொழிகளில் இதைச் சோதித்தது. அந்தக் குழுவைச் சேர்ந்த எரிக் பெடர்சன் தமிழ்நாட்டுக்கு வந்து, நகரத் தமிழர் இடம் வலம் என்றும், கிராமத் தமிழர் அருகிலுள்ள சின்னஞ்சிறு பொருளுக்கும் கிழக்கு மேற்கு என்றும் சொல்வதைப் பதிவுசெய்தார். மேசை மேல் வரிசையாக வைத்த பொம்மைகளைக் காட்டி, ஆளை முதுகுப்பக்கமாகத் திருப்பி, வேறொரு மேசையில் அதேபோல் அடுக்கச் சொல்லும் சோதனையும் இந்த ஆய்வுகளில் உண்டு. இடம் வலம் பேசுவோர் கையை நினைவில் வைத்து அடுக்குவார்கள். திசை பேசுவோர் திசையை நினைவில் வைத்து அடுக்குவார்கள். கிராமத்தாருக்கும் நகரத்தாருக்கும் இடையே இந்தச் சாய்வு வேறுபாடு தெரிந்தது. மொழி ஒன்று, மாநிலம் ஒன்று. ஆனாலும் நகரத்தில் மட்டும் கேட்டுவிட்டு, ‘தமிழர்கள் இப்படி நினைக்கிறார்கள்’ என்று எழுதியிருந்தால் உங்களைப் போன்றவர்கள் கணக்கில் வராமலே போயிருப்பீர்கள்.

அடுத்த முறை பேரப்பிள்ளைகளிடம் மூன்று பொம்மைகளைக் கொடுத்து, திரும்பி நின்று அடுக்கச் சொல்லுங்கள்; நீங்களும் அடுக்குங்கள். இரண்டு வரிசையையும் எழுதி எனக்கு அனுப்பினால் மிகவும் மகிழ்வேன்.